சுனைத் தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது, குடித்துவிட்டோம். தவறா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு குன்றில், வனத்துறை அனுமதியோடு நான்கு பேர் நடந்தோம். ஆளுக்கு ஒரு லிட்டர்தான் எடுத்துப் போனோம். பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. அடிவரை தெரிந்தது, சில்லென்று இருந்தது, வாடை எதுவும் இல்லை. மூன்று பேர் குடித்தோம், ஒருவர் மறுத்துவிட்டார். பாலைவனத்தில் நடப்பவர்கள் இப்படிப்பட்ட பாறைக்குழித் தண்ணீரை நம்பித்தான் போகிறார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்கள் செய்தது தவறா?

2 மார்ச் 2025, மாலை

தவறுதான். ஆனால் தவறு சுனையில் நடக்கவில்லை, காலையில் வீட்டில் நடந்தது. மார்ச் மாதத்தில், நிழலே இல்லாத பாறை மலையில் ஏற ஆளுக்கு ஒரு லிட்டர் என்பது எந்தக் கணக்கு? எனக்கு அரை நாளுக்கே மூன்று லிட்டர் வேண்டும். முழு நாள் என்றால் நான்கு, ஐந்து.

இனிக் குடித்ததைப் பற்றி. சுனைக்கு மேலே என்ன இருந்தது? சாணம், ஆட்டுப் புழுக்கை, மனிதர்கள் ஒதுங்கிய தடம் ஏதாவது கண்டீர்களா? அதைப் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்திருந்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெளிவு என்றால் மண் கலக்கவில்லை என்று பொருள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இப்போது பயந்துகொண்டு மாத்திரை எதையும் விழுங்க வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், சுனைத் தண்ணீர் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் பட்டவன். 2009இல் அரூர்ப் பக்கத்து மலை ஒன்றில் இதே போன்ற சுனையில் குடித்தேன். சில நாளில் கண் மஞ்சளாகி, ஒரு மாதம் கீழாநெல்லியும் மோர்ச்சோறுமாகக் கிடந்தேன். அன்றிலிருந்து காய்ச்சாத தண்ணீரை மலையில் தொடுவதில்லை. நீங்களும் எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

2 மார்ச் 2025, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். நம் பக்கத்து மலைகளில் எதிர்ப்படும் தண்ணீர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், எல்லாவற்றையும் சுனை என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பாறையில் மழைநீர் தேங்கிய குழி சுனை ஆகாது. அது வெறும் தொட்டி, மழை நின்ற நாளிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். குரங்கு குளிக்கும், காட்டுப்பன்றி புரளும், குருவி எச்சமிடும், எல்லாம் அதிலேயே செறிந்து நிற்கும். பிப்ரவரிக்குப் பிறகு அதில் இருப்பது மழைநீர் என்று எனக்குத் தோன்றுவதில்லை. உண்மையான சுனை என்றால் பாறை வெடிப்பிலிருந்து கசிவு வந்துகொண்டிருக்கும். கொஞ்சம் இறைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மட்டம் ஏறினால் சுனை, ஏறாவிட்டால் குழி.

ஓடை மணலில் தோண்டும் ஊற்று இன்னொன்று. சின்னாற்றுப் படுகையில் கோடையில் மேலே மணல் சுடும், முழங்கை ஆழத்தில் ஈரம் வரும், யானைகளும் காலால் தோண்டித்தான் குடிக்கின்றன. கரையில் மருதும் நாவலும் வரிசையாக நின்றால் அடியில் தண்ணீர் உண்டு என்று எங்கள் அப்பா சொல்வார். மணல் கலங்கலை வடிக்கும், கிருமியையும் ஓரளவு பிடிக்கும். முதலில் ஊறுவதை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு அடுத்து ஊறுவதை எடுக்க வேண்டும். எடுத்ததையும் காய்ச்ச வேண்டும்.

விலங்குகளுக்காக வனத்துறை கட்டிய தொட்டிப் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் எப்படி இருந்தாலும் சரி. அது அவற்றின் பங்கு. விடியலிலும் அந்தியிலும் அங்கே நிற்பது உயிருக்கும் ஆபத்து.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக் குழிகள் நிறைய. பச்சை நீலமாக, படம் எடுக்கத் தூண்டும் நிறத்தில் தண்ணீர் நிற்கும். வெடிவைத்த இடங்களில் அம்மோனியம் நைட்ரேட் மிச்சம் தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேரும். காய்ச்சினாலும் அது போகாது. கரை செங்குத்து, கால் வழுக்கினால் ஏற வழியில்லை. குடிப்பது கிடக்கட்டும், இறங்கவே கூடாது.

மாந்தோப்பு ஓரத்துக் குட்டையும் அப்படித்தான். பூக்கும் பருவத்தில் மருந்து அடிக்கிறார்கள், தெளிப்பானைக் கழுவுவதும் அந்தக் குட்டையில்தான்.

4 மார்ச் 2025

"ஓடும் தண்ணீர் சுத்தம், நிற்கும் தண்ணீர் அசுத்தம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் இருபது ஆண்டு அப்படித்தான் நம்பினேன். ஓடும் தண்ணீர் அழுக்கை அடித்துப் போகும், சரி. எங்கிருந்து அடித்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டாமா? மழை பெய்த மறுநாள் ஓடுகிற ஓடை, மலை முழுவதையும் கழுவிக்கொண்டு வருகிறது. அதைவிட, பத்து நாள் அசையாமல் நின்று மண் அடியில் படிந்த நிழற்குட்டை சில நேரம் மேலானது. அதனால் நான் முதலில் பார்ப்பது மேல்சரிவை. மேலே ஊர் இருக்கிறதா, பட்டி இருக்கிறதா, கோயிலுக்குக் கூட்டம் வருகிறதா, தோப்பு இருக்கிறதா. ஓடுகிறதா நிற்கிறதா என்பதெல்லாம் பிறகு.

இன்னொன்று. தலைப்பிரட்டை நீந்தினால் தண்ணீர் நல்லது என்பார்கள். பூச்சியும் தலைப்பிரட்டையும் இருந்தால் கடும் நஞ்சு இல்லை என்று மட்டும் கொள்ளலாம், கிருமி இல்லை என்று ஆகாது. ஈரமான இடத்தில் எந்த உயிரும் இல்லாமல், ஓரத்தில் பசுமையும் இல்லாமல், வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். மேலே பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல ஆடை படிந்திருந்தாலும் அப்படியே. நூல் நூலாக இருக்கும் பாசி வேறு, இந்த ஆடை வேறு. இதில் சில வகை நஞ்சைக் கக்கும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

5 மார்ச் 2025

ஓசூரில் ஆற்றோரம் நடக்க வடிகட்டி மட்டும் போதுமா என்று கேட்ட நண்பருக்குச் சுருக்கமாக: தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் சேர்ந்து வரும் ஆறு அது. முதுகுப்பையில் வைக்கும் வடிகட்டி அதற்கு ஆனதல்ல. அந்தக் கரையில் நடக்கும்போது தண்ணீரை வீட்டிலிருந்தே சுமந்து போங்கள்.

9 மார்ச் 2025

"எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிட்டால் முடிந்தது, எதற்கு இத்தனை ஆராய்ச்சி" என்று கேட்டவருக்கு. இதை எழுத எனக்கு நேரம் வேண்டியிருந்தது, அதனால்தான் நாலு நாள்.

என் மேல்வரிசைப் பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. என் அக்காவுக்கும் உண்டு. நாங்கள் பாலக்கோட்டுக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் ஓர் ஊரில் அடிபம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பல் விளக்கத் தெரியாத பிள்ளைகள் என்று பள்ளியில் திட்டு வாங்கினோம். கரி, செங்கல் தூள், எலுமிச்சை எல்லாம் தேய்த்துப் பார்த்தோம். அக்கா கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், இன்றும் அப்படித்தான் சிரிக்கிறாள். காரணம் தண்ணீரில் இருந்த புளோரைடு என்று எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்தைந்து தாண்டிவிட்டது.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. அதிலுள்ள அபடைட், கருப்பு அபிரகம் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்பில் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நின்று மெல்ல மெல்ல அதைக் கரைத்துக்கொள்கிறது. அதனால்தான் போர் போட்டு ஆழத்துக்குப் போகப் போகத் தொல்லை பெரும்பாலும் கூடுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அதிக அளவில் பல ஆண்டு குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடித்து இறுக்கிவிடும்.

கொதிக்க வைத்தால் இது போகாது, கூடும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீர் இரண்டு லிட்டரை அடுப்பில் வைத்து ஒன்றரை லிட்டராகச் சுண்டவிட்டால், அதே 6 மில்லிகிராமும் ஒன்றரை லிட்டருக்குள் நிற்கிறது. லிட்டருக்கு 4 ஆகிவிட்டது. எங்கள் அம்மா பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாது என்று நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுப்பார். எவ்வளவு அன்போடு செய்தார் என்பதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

ருசியும் காட்டிக்கொடுக்காது. "பருப்பு வேகிற தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று ஊரில் ஒரு சோதனை உண்டு. அது கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் சோதனை, சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் பருப்பு வேகாது. ஆனால் புளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் பல நேரம் அந்தச் சுண்ணாம்புச் சத்து குறைவாகவே இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியவைத்திருக்கும். ஆகவே பருப்பு நன்றாக வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், வாய்க்கு இனிக்கும். பிள்ளையின் பல்லில்தான் தெரியும்.

9 மார்ச் 2025, இரவு

மேலே எழுதியதைப் படித்துப் பயந்துவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டியவர் நடக்க வந்தவர் அல்ல. ஒரு நாள் இரண்டு லிட்டர் புளோரைடு தண்ணீர் குடித்தால் உங்கள் பல்லுக்கோ எலும்புக்கோ ஒன்றும் ஆகாது. உங்களுக்குக் கவலை கிருமி, அது ஒரே மிடறில் வந்துவிடும். அங்கேயே வாழ்பவருக்குக் கவலை புளோரைடு, அது இருபதாயிரம் மிடறில் வருகிறது. ஒரே தண்ணீர், ஆனால் யார் குடிக்கிறார், எத்தனை காலம் குடிக்கிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது. வழிப்போக்கனுக்கு அடிபம்பு நல்லது, ஊர்க்காரருக்கு அது கெட்டது.

10 மார்ச் 2025

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் இந்தக் கதை தேவையா என்ற கேள்வி. 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013இல் தொடங்கிவைத்த திட்டம். காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவருகிறது, புளோரைடு பாதிப்பைக் குறைப்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. என் தம்பி மகளுக்குப் பதினோரு வயது, அந்தக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். பற்கள் வெள்ளை. பள்ளி ஆண்டு விழாப் படத்தில் அவள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பதை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் குழாய் தார்ச்சாலை வரைதான் சரியாக வருகிறது. மோட்டார் பழுதான வாரத்தில் ஊர் மறுபடி போர்த் தண்ணீருக்குப் போகிறது. தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியில் நிற்பது காவிரியா போரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டிலை நிரப்பும் முன் அங்கே குடம் வைத்திருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

16 மார்ச் 2025

முதல் குறிப்பில் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும்.

செவிலியராக இருக்கும் அக்கா மகள் இந்த இழையைப் படித்துவிட்டு, "மாமா, மலைக்குப் போய் எத்தனை நாள் கழித்துக் கண் மஞ்சளானது?" என்று கேட்டாள். பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். ஒன்பதாம் நாள். அவள் சொன்னாள்: தண்ணீர் வழியே வரும் மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் ஏ வகை, உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட குறைந்தது 15 நாள், அதிகம் போனால் 50 நாள் ஆகும். ஒன்பது நாளில் வர வழியே இல்லை.

நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு திருவிழாவில் வெயில் தாங்காமல் ஐஸ் போட்ட சர்பத் நான்கு டம்ளர் குடித்திருக்கிறேன். அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கிருமி என்றால் சுனை அல்ல என்பது உறுதி. பதினாறு ஆண்டுகளாக அந்தச் சுனையைப் பழித்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

இது எல்லோருக்கும் பொருந்தும். டைபாய்டு வெளிப்பட ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஆகலாம். ஜியார்டியா என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஒரு வாரம், இரண்டு வாரம். நேற்றுக் குடித்ததைப் பழிக்கிறோம், நோய் போன மாதத்தில் நுழைந்திருக்கிறது. நடைக்குப் போகிறவர்கள் எந்த நாளில் எங்கே குடித்தோம் என்று கைப்பேசியில் ஒரு வரி குறித்துவையுங்கள். மருத்துவருக்கும் உதவும்.

18 மார்ச் 2025

"எந்த நிலையிலும் தொடாதீர்கள்" என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். வெயிலில் மயக்கம் வந்து, வியர்வை நின்று, பேச்சு குழறுகிற நிலையில் ஒருவர் இருக்கும்போது, கிருமி இருக்குமோ என்று தண்ணீரைத் தள்ளிவைப்பது கொலைக்குச் சமம். வெயில் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லும். கிருமி நாட்கணக்கில் வரும், அதற்கு மருந்தும் உண்டு. அப்போது உடம்பை நனையுங்கள், நிழலில் கிடத்துங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் அந்தச் சுனைத் தண்ணீரைக் கொடுங்கள். குவாரி, தோப்புக் குட்டை, பச்சை ஆடை படிந்த தண்ணீர் இவற்றை மட்டும் அப்போதும் வாயில் வைக்க வேண்டாம், உடம்பை நனைக்க வேறு தண்ணீர் தேடுங்கள்.

உங்களோடு வந்து, குடிக்க மறுத்த அந்த நான்காமவர் பத்திரமாக இறங்கினாரா? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

23 மார்ச் 2025

ராஜஸ்தானில் நடக்கப் போகும் தம்பி கேட்கிறார், இந்த முறையெல்லாம் அங்கே செல்லுமா என்று. நம் ஊர் பாலைவனம் இல்லை, ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ஜெய்சல்மேரில் ஏறக்குறைய இருநூறுதான். ஆனாலும் இரண்டு ஊருக்கும் தண்ணீரில் உறவு உண்டு. நாகௌர் பக்கமும் புளோரைடு பூமி. அங்கே மழைநீரைச் சுண்ணாம்பு பூசிய நிலத்தடித் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள், டாங்கா என்பார்கள். மழைநீர் என்பதால் புளோரைடு இராது, திறந்து மூடுகிற கைகளால் கிருமி வரலாம். அங்கே அதைக் காய்ச்சிக் குடியுங்கள். ஊர்க்காரரைக் கேட்காமல் மூடியைத் தொடாதீர்கள், ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பு அது.

படிக்கிணறுகளைப் பற்றி ஒரு செய்தி. மனிதர் இறங்கிக் காலை நனைத்து மொள்ளும் அந்தக் கிணறுகள் வழியே நரம்புச் சிலந்தி நோய் பரவியது. தண்ணீரில் உள்ள நுண்ணிய பூச்சியை விழுங்கினால், ஓராண்டு கழித்துக் காலிலிருந்து ஒரு முழத்துக்கும் மேல் நீளமான புழு வெளியே வரும். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் நோய் ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டியும், இறங்கும் கிணற்றை மாற்றியும், கிணற்றில் அந்தப் பூச்சியைக் கொல்லும் மருந்திட்டும், ஊர் ஊராகச் சொல்லியும் ஒழித்தார்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் ஹார்ன் கிரீக் என்று ஓர் ஓடை இருக்கிறது. பார்வைக்கு நல்ல தண்ணீர். மேலே பழைய யுரேனியச் சுரங்கம். உயிர் போகும் நிலை தவிர வேறு எப்போதும் குடிக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. முதுகுப்பை வடிகட்டி எதுவும் அதற்குப் போதாது. மேல்சரிவைப் பார் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

30 மார்ச் 2025

சாமான்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

பழைய பருத்திப் புடவைத் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். வங்கதேசத்தில் இதை ஊர் ஊராகச் செய்து பார்த்து, காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2003இல் வெளியிட்டார்கள். புதுத்துணியைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த துணி மேல், இழை பிரிந்து கண் சிறுத்திருக்கும். இது முதல் படி மட்டும்.

குளோரின் மாத்திரை கலங்கல் தண்ணீரில் தோற்கும். ஒரு முறை ஓடைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்து மோந்தேன், வாடையே இல்லை. மண்ணும் சருகுச் சாறும் குளோரினைத் தின்றுவிட்டன. லேசான குளோரின் வாடை மிஞ்சினால்தான் வேலை நடந்திருக்கிறது. கலங்கலாக இருந்தால் முதலில் தேத்தாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறம் உரசித் தெளியவைத்து, வடித்து, பிறகு மாத்திரை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமிக்கு மாத்திரை போதாது, கொதி வேண்டும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், நம் பக்கத்து மலைகள் எதற்கும் அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது, கோடையில் ஒரு பொறி போதும் மலையே போய்விடும். காய்ச்சுவது ஊருக்குள் வந்த பிறகு.

உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள் வழியே வடிக்கும் 'ஹாலோ ஃபைபர்' வடிகட்டி நல்ல பொருள், பாக்டீரியாவைப் பிடிக்கும். வைரஸைப் பிடிக்காது, புளோரைடையும் பிடிக்காது. வெயில் நம் ஊரில் இலவசம்: தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கவைத்தால் கிருமி பெருமளவு சாகும். மேகம் மூடியிருந்தால் இரண்டு நாள் ஆகும். நடந்துகொண்டிருப்பவருக்கு இது உதவாது, முகாம் போட்டவருக்கு உதவும்.

6 ஏப்ரல் 2025

அஞ்செட்டிப் பக்கம் போய்வந்தேன். காட்டோரத்தில் ஆடு மேய்த்த ஒரு பெரியவரிடம் ஊற்று எங்கே என்று கேட்டேன். இரண்டு இருக்கிறது என்றார். மேலே இருப்பதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கீழே திறந்து கிடந்தது, கரை முழுவதும் குளம்படி.

"முள் போட்டது நாங்கள் குடிப்பது ஐயா, முள் இல்லாதது ஆடு குடிப்பது. முள்ளை எடுத்தால் மறுபடி வைத்துவிட்டுப் போங்கள். போன வாரம் வந்த பிள்ளைகள் வைக்கவில்லை" என்றார்.

எத்தனை சோதனைச் சாமான் வைத்திருந்தாலும் அந்த முள்ளைப் போல் எதுவும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சிரித்தபோது என் பல்லில் உள்ள அதே பழுப்புக் கோடு. முதலில் ஊற்றைச் சந்தேகித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மனம் மாறியது. பல் காட்டுவது அவர் பிள்ளைப் பருவத்தில் வீட்டில் குடித்த தண்ணீரை. மேய்ச்சலில் குடிக்கும் ஊற்றைப் பல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அவர் நலமாக இருக்கிறார் என்பதால் எனக்கும் ஆகும் என்று கொள்ளவும் முடியாது. அந்த ஊற்றுக்கு அவர் உடல் பழகியது. அதனால் காய்ச்சித்தான் குடித்தேன்.

13 ஏப்ரல் 2025

இரண்டு புட்டியில் ஊற்றுத் தண்ணீரையும், அதே ஊர் அடிபம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து சோதித்தேன். மலக்கிருமி இருந்தால் ஒரு நாள், இரண்டு நாளில் கறுக்கும் சோதனைப் புட்டி கடைகளில் கிடைக்கிறது. 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை. புளோரைடுக்கு வண்ணச் சோதனைப் பெட்டி, இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினால் அதிகம்.

முள் போட்ட ஊற்று: மறுநாள் காலையே புட்டி கறுத்துவிட்டது. வண்ணம் இளஞ்சிவப்பிலேயே நின்றது.

அடிபம்பு: இரண்டு நாளாகியும் கறுக்கவில்லை. வண்ணம் சொட்டு விட்டவுடன் மஞ்சள்.

அடிபம்புத் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு முறையாகக் கொடுத்திருக்கிறேன். வண்ணப்பெட்டி விரல் நீட்டிக் காட்டும், அளவைச் சொல்ல ஆய்வகம் வேண்டும். அந்த ஊரில் வண்ணச் சோதனை செய்யப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். பெட்டி அலமாரியில் இருந்தது, மருந்து தீர்ந்திருந்தது. வாங்கித்தர மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேள்வி கேட்ட நண்பர் இன்று எழுதியிருக்கிறார்: மூவருக்கும் ஆறு வாரமாக ஒன்றும் இல்லை. நிம்மதி. மறுத்த நான்காமவர்தான் இறங்கும் வழியில் மயங்கி விழுந்திருக்கிறார், இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறியிருக்கிறது. அவருக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

4 மே 2025

நேற்று மறுபடி அஞ்செட்டி. ஐந்து லிட்டர் சுமந்து போனேன். மேல் ஊற்று வற்றிப் போய், அடியில் ஈரச்சேறு மட்டும். முள் மட்டும் அப்படியே சுற்றி நின்றது. பெரியவர் கீழ் ஊற்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார், ஆடுகள் சுற்றி நின்றன. இரண்டு லிட்டரை அவருடைய தூக்கில் ஊற்றினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது எந்த ஊர்த் தண்ணீர்?" என்று கேட்டார். காவிரி என்றேன். மீதியைப் பேரனுக்கு என்று மூடி வைத்துக்கொண்டார்.